மேலே போகும் கணக்கு

சென்னையின் பழைய குடியிருப்புத் தெருக்களில் ஒரு காலத்தில் படி ஏறிப் போன வீடுகளுக்குள் இப்போது படி இறங்கிப் போகிறார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார், சில ஆண்டு கழித்து அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டுத் தெரு வளர்ந்துவிட்டது. ஒரு நல்ல மழை பெய்தால் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடுகிறது. வசதி உள்ளவர் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார். இல்லாதவர் வாசலில் சிமெண்ட் வரப்பு கட்டிக்கொண்டு ஐப்பசியையும் கார்த்திகையையும் கடத்துகிறார். 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி ‘மில்லிங்’ செய்த பிறகுதான் புதுச் சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். இவ்வளவு எளிய ஒரு வேலைமுறையைத் தலைமைச் செயலாளரே எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படிப் போட்ட சாலை ஒன்றின் கோப்பை எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல இடமே இல்லாமல் இருக்கலாம். எஸ்டிமேட் இருக்கும். டெண்டர் விட்டு, குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போயிருக்கும். அளவுப் புத்தகமான எம்-புக்கில் நீளம், அகலம், கனம் எழுதிப் பொறியாளர் கையெழுத்துப் போட்டிருப்பார். பில் பாஸாகி, தணிக்கையும் முடிந்திருக்கும். பணம் முறைப்படி செலவாகியிருக்கிறது, அந்தத் தெருவில் குடியிருப்பவரின் வாழ்க்கை முன்னைவிடக் கெட்டிருக்கிறது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடிவதுதான் நம் பெரிய அரசு நிறுவனங்களின் ஆதார நோய் என்று நினைக்கிறேன். கணக்கு முழுவதும் மேலே போகிறது. கீழே இருப்பவரிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை.

‘பணம் வீணாகிறது’, ‘அரசாங்கத்தில் யாரையும் நம்ப முடியாது’ என்ற இரண்டு குறைகளையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. எவ்வளவு வீணானது என்பதைவிட, வீணானதை யாரால் பார்க்க முடிந்தது, பார்த்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்பதில்தான் நம்பிக்கை பெரும்பாலும் தீர்மானமாகிறது. கடந்த நாற்பதாண்டு இந்திய அனுபவம் அதைத்தான் காட்டுகிறது.

1985இல் ஒடிசாவின் காலஹண்டி வறட்சிப் பகுதிக்குச் சென்ற பிரதமர் ராஜீவ் காந்தி, ஏழைக்கு என்று அரசு அனுப்பும் ஒரு ரூபாயில் 15 பைசாதான் அவரைப் போய்ச் சேருகிறது என்றார். ஓர் அரசியல் தலைவர் சொன்ன அந்தக் கணக்கு ஆய்வு முடிவுபோலவே புழங்கி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்கூட ஏறிவிட்டது. மீதி 85 பைசா முழுவதும் யாரோ சுருட்டியது என்றே நாம் புரிந்துகொண்டோம். இருபது ஆண்டு கழித்து, 2005இல் திட்டக் குழுவின் மதிப்பீட்டுப் பிரிவு ரேஷன் முறையை ஆராய்ந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்காக ஒதுக்கிய தானியத்தில் ஏறக்குறைய 58 சதவீதம் அவர்களைச் சேரவில்லை, ஏழைக்கு ஒரு ரூபாய் கொடுக்க அரசு 3 ரூபாய் 65 காசு செலவழிக்கிறது என்று கண்டது. ஆனால் அந்த அறிக்கை காரணங்களைப் பிரித்துச் சொன்னது. கடையில் நடந்த திருட்டு ஒரு பங்கு. யார் ஏழை என்று பட்டியல் போட்டதில் நடந்த பிழை இன்னொரு பங்கு. தானியத்தை வாங்கி, சேமித்து, ஏற்றி இறக்குவதற்கான செலவு மற்றொன்று. ‘எல்லாம் கொள்ளை’ என்ற ஒற்றை வார்த்தையில் இந்த வேறுபாடுகள் காணாமல் போய்விடுகின்றன. அவை காணாமல் போனால் சரிசெய்யும் வழியும் காணாமல் போகும்.

இத்தாலியின் அரசு நிறுவனங்கள் வாங்கிய மேசை, நாற்காலி, காகிதம், தொலைபேசிச் சேவை போன்ற பொதுப் பொருள்களின் விலைகளை ஒப்பிட்டு ஓரியானா பண்டியேரா, ஆண்ட்ரியா பிராட், டொமாசோ வல்லெட்டி ஆகிய மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒரே பொருளுக்கு ஓர் அலுவலகம் கொடுத்த விலைக்கும் இன்னோர் அலுவலகம் கொடுத்த விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. அந்த வீண் செலவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் யார் பையிலும் போகவில்லை. அக்கறையின்மை, திறமைக் குறைவு, விதிகளின் சிக்கல், குறைத்து வாங்குவதால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லாத ஏற்பாடு இவற்றால் போனது அது. இத்தாலியின் விகிதம் நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ‘கமிஷன்’ என்ற சொல் ஒப்பந்ததாரர்கள் நடுவே எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்பதை ஊரே அறியும். ஆனாலும் லஞ்சம் வாங்காத அதிகாரியும் பணத்தை வீணாக்க முடியும், நிறையவே முடியும் என்பது நம் விவாதங்களில் விடுபட்டுப்போன உண்மை.

மார்ச் மாதம் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். 31ஆம் தேதிக்குள் செலவழிக்காத நிதி ‘லேப்ஸ்’ ஆகிவிடும். செலவழிக்காமல் ‘சரண்டர்’ செய்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையலாம். அதனால் பத்து மாதம் தூங்கிய கோப்பு கடைசி இரண்டு வாரத்தில் ஓடத் தொடங்குகிறது. தேவையில்லாத கணினி வாங்கப்படுகிறது, மழைக்கு முன்பு போட்டிருக்க வேண்டிய சாலை சித்திரை வெயிலுக்குச் சற்று முன்பு அவசரமாகப் போடப்படுகிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் இந்தக் கடைசி நேர அவசரத்தை நிதி ஒழுங்கு மீறல் என்றே சொல்கின்றன. ஆண்டுச் செலவில் கடைசிக் காலாண்டுக்கு 33 சதவீதம், மார்ச் மாதத்துக்கு 15 சதவீதம் என்று நிதியமைச்சகம் வரம்பும் வைத்திருக்கிறது. ஆனால் சேமித்தவரைத் தண்டித்து, செலவழித்தவருக்கு மேலும் கொடுக்கும் ஏற்பாடு மாறாதவரை வரம்பு சுற்றறிக்கையாகவே இருக்கும்.

செலவழிக்காமல் வைத்திருப்பதும் வீணடிப்புதான். கட்டடத் தொழிலாளர் நலனுக்காக, கட்டுமானச் செலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை வரியாகப் பிடிக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கைப் பார்த்தபோது நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, ஏறத்தாழ 9,500 கோடிதான் பயன்பட்டிருந்தது. பயன்பட்டதிலும் ஒரு பகுதி தொழிலாளர்களுக்கு மடிக்கணினி, சலவை இயந்திரம் வாங்கியதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்னதைக் கேட்டு நீதிபதிகள் அதிர்ந்தார்கள். சாரத்தில் நின்று செங்கல் ஏற்றுகிறவர், தன் பெயரில் சேர்ந்த பணம் இருப்பதே தெரியாமல், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. எழுத்தறிவில்லாத தொழிலாளியிடம் படிவம், பதிவு, புதுப்பிப்பு, கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று கேட்டு, பணத்தைப் பெறும் வழியை அடைத்து வைத்துவிட்டு, வாங்க ஆள் வரவில்லை என்று கணக்கு எழுதியது அரசு.

ஆட்சி மாற்றத்தால் வரும் வீண் செலவு தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். ஓமந்தூரார் தோட்டத்தில் கட்டிய புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் 2010 மார்ச் 13 அன்று திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு மே மாதம் ஆட்சி மாறியதும் தலைமைச் செயலகம் கோட்டைக்கே திரும்பியது. பேரவை நடத்தத் திட்டமிட்ட கட்டடத்தை அறுவை அரங்குகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டி, 2014இல் பன்னோக்கு மருத்துவமனையாகத் திறந்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் நல்ல சிகிச்சை பெறுகிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு முறை செலவானதைப் பற்றி, கட்டியவர்களும் மாற்றியவர்களும் இதுவரை மக்களிடம் ஒரு முழுக் கணக்கு வைக்கவில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் மருத்துவமனையாக்க 2011இல் எடுத்த முடிவு உயர் நீதிமன்றத்தால்தான் நின்றது.

இவற்றையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 148ஆம் பிரிவு உருவாக்கிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியை, சட்டத்திலேயே மிக முக்கியமான பதவி என்று அம்பேத்கர் அரசமைப்பு அவையில் மதிப்பிட்டார். அந்த அலுவலகத்தின் அறிக்கைகளைப் பொறுமையாகப் படித்தால் இந்திய அரசு நிர்வாகத்தின் உண்மையான முகம் தெரியும். ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி 2023இல் வந்த அறிக்கையில், ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒன்பது என்ற இலக்கம் பத்து முறை வரும் ஒரே கைப்பேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். எண்ணை வைத்துப் பயனாளியைச் சரிபார்ப்பதில்லை என்று அமைச்சகம் விளக்கம் தந்தது. பிகார் அரசு 2024 மார்ச் வரை 70,877 கோடி ரூபாய்க்குப் பயன்பாட்டுச் சான்று தரவில்லை என்றது இன்னோர் அறிக்கை. அலுவலகங்களில் ‘யூ.சி.’ என்று சொல்லும் அந்தச் சான்று வரவில்லை என்பதால் மட்டும் பணம் திருடுபோனதாக ஆகாது. ஒதுக்கிய காரியத்துக்கே செலவானது என்று உறுதி சொல்ல ஒருவரும் இல்லை என்பதுதான் அதன் பொருள். இந்த நுணுக்கம் தொலைக்காட்சி விவாதத்துக்குப் போவதற்குள் உதிர்ந்து, 70,000 கோடி ஊழல் என்றாகிவிடுகிறது.

பெரிய எண்கள் செய்த கெடுதலை இங்கே சொல்லியாக வேண்டும். 2010 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை அறிக்கையில் 1.76 லட்சம் கோடி என்ற உத்தேச இழப்பு இருந்தது. அது பல கணக்கிடும் முறைகளில் ஒன்று தந்த மேல் எல்லை. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. உரிமம் கொடுத்த முறை தவறு என்று ஒரு நீதிமன்றமும், கிரிமினல் குற்றம் நிரூபணமாகவில்லை என்று இன்னொரு நீதிமன்றமும் சொன்னதில் சட்டப்படி முரண்பாடு இல்லை. ஆனால் தெருவில் இருப்பவர் எடுத்துக்கொண்டது வேறு. ‘எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் ஆகாது’ என்று ஒரு பாதிப் பேரும், ‘தணிக்கை என்பதே அரசியல்’ என்று மறு பாதிப் பேரும் முடிவு செய்தார்கள். துவாரகா விரைவுச் சாலை பற்றி 2023இல் வந்த அறிக்கையில், கிலோமீட்டருக்கு 18.20 கோடி ஒப்புதல் பெற்ற இடத்தில் 250.77 கோடி என்ற கணக்கு வந்தபோதும் இதுவே நடந்தது. பெரும்பகுதி உயர்மட்டப் பாதையாக மாறியதே காரணம் என்று அரசு சொன்னது. அந்த மாற்றம் தேவைதானா, அதை யார், எந்தக் கோப்பில் முடிவு செய்தார் என்ற நல்ல கேள்வி கூச்சலில் அமுங்கிப்போனது.

நம்பிக்கை போன இடத்தில் அரசு என்ன செய்கிறது? மக்களைச் சந்தேகிக்கத் தொடங்குகிறது. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி இதுதான். ஊரக வேலைத் திட்டத்தில் பொய் ஆள் கணக்கு எழுதியது ஊராட்சி மட்டத்தில் பேனா பிடித்தவர். ஆனால் அதே திட்டத்தில் 2023 ஜனவரி முதல் கட்டாயமான கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு முறை படத்துக்கு நிற்க வேண்டியிருந்தது மண்வெட்டி பிடித்தவர். சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி போனது. மேற்கு வங்கத்தில் முறைகேடு நடந்ததாகச் சொல்லி 2022 மார்ச்சில் மத்திய அரசு திட்டத்தின் நிதியையே நிறுத்தியது. முறைகேடு செய்தவரைத் தேடிப் பிடிப்பதற்குப் பதில், ஏற்கெனவே வேலை செய்து முடித்தவர்களின் கூலி உட்பட ஒரு மாநிலம் முழுவதற்குமான பணம் நின்றது. பழைய முறைகேட்டை விசாரியுங்கள், அதற்காக வேலையையே காலவரையின்றி முடக்க முடியாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று ஆண்டு அந்த மக்கள் கூலி வேலை தேடி எங்கெல்லாம் ரயில் ஏறினார்கள் என்பதை எந்தத் தணிக்கை அறிக்கையும் இழப்பாக எழுதாது.

ஜார்க்கண்ட் ரேஷன் கடைகளில் கைரேகை கட்டாயமானதைக் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆராய்ந்தார்கள். கைரேகை மட்டும் தொடக்கத்தில் கசிவைக் குறைக்கவில்லை. ஆதாரை முன்பே இணைத்திராத குடும்பங்களுக்குக் கிடைத்துவந்தது குறைந்தது. பிறகு கடை இருப்போடு கணக்கை நேர்செய்தபோது கசிவு குறைந்தது, கூடவே உண்மையான பயனாளிக்குப் போனதும் குறைந்தது. இதே ஆய்வாளர்கள் அதற்கு முன் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் வேலைத் திட்டக் கூலியும் ஓய்வூதியமும் ஸ்மார்ட் கார்டு வழியாகக் கொடுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே கூலி விரைவாக வந்தது, கசிவு வெகுவாகக் குறைந்தது, வாங்குபவர்களில் மிகப் பெரும்பான்மையோர் புதிய முறையையே விரும்பினார்கள். அங்கே கார்டு இல்லாதவரைத் திருப்பி அனுப்பும் கண்டிப்பு இல்லை, பணம் ஊருக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கருவி இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். யாருடைய சிரமத்தைக் குறைக்க அது வைக்கப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

கணக்கைக் கீழே திருப்பியவர்களின் வரலாறு ராஜஸ்தானில் தொடங்குகிறது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் கிராமத்துக் கூலியாட்களோடு சேர்ந்து 1990இல் தொடங்கிய மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. முறை மிக எளியது. அரசு வேலை நடந்ததாகச் சொல்லும் மஸ்டர் ரோலை, அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவை, ஊர் நடுவே, ஒலிபெருக்கியில், பெயர் பெயராக வாசித்தார்கள். பெயருக்குரியவர் எழுந்து நின்று, நான் அன்றைக்கு அங்கே வேலைக்குப் போகவே இல்லை என்றார். இறந்தவர் பெயரில் கூலி போயிருந்தது. முடிந்ததாகக் கணக்கில் இருந்த வேலை ஊரில் முடியாமல் கிடந்தது. அடுத்தடுத்த ஊர்களில் விசாரணை பரவியதும் அதிகாரிகள் ஆவணத்தைத் தர மறுத்தார்கள். நகல் எடுக்கும் உரிமை கேட்டு 1996இல் பேவார் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். அந்தக் கோரிக்கைதான் வளர்ந்து 2005 அக்டோபரில் நாடு முழுவதும் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. மாநில அளவில் 1997இலேயே முதலில் இப்படியொரு சட்டம் இயற்றியது தமிழ்நாடு, விதிவிலக்குகள் நிறைய இருந்தாலும்.

மக்கள் கூடிக் கேட்டால் போதும், மேலே தணிக்கை வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட கிராமச் சாலைகளைத் தோண்டி, உள்ளே எவ்வளவு கல்லும் மணலும் இருக்கின்றன என்று அளந்து பார்த்த பெஞ்சமின் ஓல்கன், அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று அறிவித்த ஊர்களில் காணாமல் போன பணம் எட்டு சதவீதப் புள்ளி குறைந்ததைக் கண்டார். ஊர்க் கூட்டத்துக்கு மக்களை அழைத்தது மட்டும் சராசரியாக அவ்வளவு பலன் தரவில்லை. கூட்டத்தில் கேட்டவருக்கு ஆவணமும் அதிகாரமும் இல்லை என்றால் பலன் எங்கிருந்து வரும்? பிரேசிலில் 2003 முதல் எந்த நகராட்சியைத் தணிக்கை செய்வது என்று எல்லோரும் பார்க்கக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். முடிவு வெளியான பிறகு வந்த 2004 தேர்தலில் முறைகேடு செய்த மேயர்கள் வாக்கு இழந்தார்கள். உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் இழப்பு இன்னும் கூடுதல். மேலிருந்து வலுவான தணிக்கை, அதன் முடிவு கீழே இருப்பவரின் காதில் விழுவது என்ற இரண்டும் சேர்ந்தபோதுதான் வேலை நடந்தது.

நம் ரேஷன் கடைகளும் இதற்குச் சாட்சி. 1997இல் மத்திய அரசு ஏழைகளுக்கு மட்டும் என்று பட்டியல் போடச் சொன்னபோது தமிழ்நாடு எல்லோருக்குமான முறையை விடவில்லை. வரிசையில் கூலிக்காரரோடு ஆசிரியரும் ஓய்வுபெற்ற எழுத்தரும் நின்றார்கள். பாமாயில் வரவில்லை என்றால், துவரம்பருப்பு எடை குறைந்தால் சத்தம் போட ஆள் இருந்தது. இன்று வாங்காத பொருளுக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தால், ‘நாங்க கடைக்கே போகலையே, அரிசி வாங்கினதா மெசேஜ் வருதே’ என்று அடுத்த நாளே கடை வாசலில் சண்டை நடக்கிறது. ரேஷன் அரிசி அண்டை மாநிலங்களுக்குக் கடத்தப்படுவது இன்னும் ஓயவில்லை, இருந்தும் இந்த முறையை எந்தக் கட்சியும் கைவிடத் துணியாத அளவுக்கு மக்கள் நம்புகிறார்கள். சத்தீஸ்கர் 2004இல் கடைகளைத் தனியார் கையிலிருந்து ஊராட்சிக்கும் மகளிர் குழுக்களுக்கும் மாற்றி, விநியோகத்தைச் சீர்செய்தது. அங்கே 2004-05இல் ஏறக்குறைய பாதியாக இருந்த கசிவு, 2009-10இல் பத்தில் ஒரு பங்காக இறங்கியதாக ரீதிகா கேராவின் கணக்கு சொல்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் கதவுகள் மெல்ல மூடிக்கொண்டு வருகின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசின் கைக்குக் கொண்டுவந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவல் என்ற காரணத்தைச் சொல்லி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. மஸ்டர் ரோலில் இருப்பது பெயர்கள்தாம். பெயரை மறைத்தால் கோட் கிரானா நடந்திருக்காது. தணிக்கை அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று சொல்லும் அரசமைப்பின் 151ஆம் பிரிவு, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லியில் அப்படிக் கிடந்த 14 அறிக்கைகள் ஆட்சி மாறிய பிறகு, 2025 பிப்ரவரியிலிருந்துதான் அவைக்கு வரத் தொடங்கின. கெடு விதிக்க ஒரு சிறு திருத்தம் போதும், அதை ஆளும் கட்சியோ எதிர்க்கட்சியோ வற்புறுத்துவதில்லை.

கண்டுபிடித்த பணமும் திரும்புவதில்லை. ஊரக வேலைத் திட்டத்தில் 2017-18 முதல் 2020-21 வரையான நான்கு ஆண்டில் சமூகத் தணிக்கைகள் 935 கோடி ரூபாய் முறைகேட்டைக் கண்டன. மீட்டது சுமார் 12.5 கோடி. மாநிலங்களிலேயே அதிகத் தொகை தமிழ்நாட்டில், 245 கோடி. இதைப் படித்தவர்கள் நம் மாநிலமே மோசம் என்றார்கள். தமிழ்நாடு 12,525 ஊராட்சிகளிலும் ஒரு முறையாவது தணிக்கை நடத்தியது. தேடியவர் கையில்தான் கண்டது இருக்கும், அதற்காகத் தமிழ்நாட்டைக் குறை சொன்னால் அடுத்த முறை யாரும் தேட மாட்டார்கள். குறை சொல்ல வேண்டியது வேறொன்றை: அந்த 245 கோடியில் மீண்டது 2.07 கோடிதான். எந்த ஊராட்சியில் யார் மீது எவ்வளவு எழுதப்பட்டது, அவரிடமிருந்து எவ்வளவு வந்தது, வராததற்கு எந்த அதிகாரி பொறுப்பு என்ற பட்டியலைக் கிராம சபைக் கூட்டத்தில் முதல் பொருளாக, ஊராட்சித் தலைவர் பேச எழுவதற்கு முன்பே, ஒலிபெருக்கியில் பெயர் பெயராக வாசிக்க வேண்டும்.